எதுக்காக்கும்

பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் கடை,
அந்தப் பக்கம் கேரளம்.
இங்கே கரண்ட் போனால் எதிர் பேக்கரியில்
பப்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி தன்பாட்டுக்கு எரியும்.
அங்கே போனால் எங்கள் ஃபேன் சுற்றும்.
இரண்டும் ஒன்றாய்ப் போனது ஒக்கிப் புயலுக்குத்தான்.

நான் எப்சிபா, பில் போடுகிறவள்.
பில்லில் கட்டுக்கம்பி என்று எழுதுவேன்.
வாயில் இரண்டு பக்கத்துக்கும் கெட்டுகம்பிதான்.
திருச்சியிலிருந்து வந்த கம்பெனிக்காரர் சிரித்தார்:
கெட்டுப்போன கம்பியையா கிலோ கணக்கில் விற்கிறீர்கள்?

கறுப்பா, வெள்ளையா?
கறுப்பு உலையில் வெந்து இளகியது,
சொன்னபடி வளையும், ஒரே மழையில் துருவேறும்.
வெள்ளை துத்தநாகத்தில் முங்கி எழுந்தது,
எத்தனை மழைக்கும் கூசாது.
முர்ஷிதாபாத் தபன் கறுப்புதான் கேட்பான்,
பதினெட்டு கேஜ், நாளைக்கு மூன்று கிலோ.
கொக்கியைச் செருகி இரண்டு சுற்று, விட்டுவிடுவான்.
கான்கிரீட் இறுகுற வரைதான் சேச்சி இதுக்கு வேலை,
பின்னே வீடு நிக்கிற காலம் மட்டும்
உள்ளே சும்மா கிடக்கும்.

கேள்விகளோடுதான் வருகிறார்கள்.
இதை ஃபியூஸில் சுற்றலாமா?
சுற்றலாம், ஃபியூஸ் போகவே போகாது, வீடு போகும்.
ஹீட்டருக்கு ஒன்றரை வயர் போதாதா?
எர்த்துக் குழியில் கரியும் உப்பும் போட்டாச்சு, இனி கம்பியும் வேணுமா?
சுவிட்சைத் தொட்டால் விரல் தரிக்குது என்றதற்கு
செருப்பைப் போட்டுக்கொண்டு தொடச் சொன்னாராம்
வயரிங் மரியசெல்வம்.
பேக்கரியிலிருந்து ஒரு லைன் இழுத்தால் என்ன என்று
டீக்கடை ஷாஜகான் கேட்டதில்
ரோட்டை அளந்தே பார்த்தோம். பதினொரு மீட்டர்.
இரண்டு வாரியமும் ஒரே ஜீப்பில் வரும் என்றார் முதலாளி.

போன ஆனியில் பளுகல் பக்கத்து ஆள் ஒருவர்.
வெள்ளை, இருபது கேஜ், அரைக் கிலோ.
பேர் கேட்டேன், யோவேல் என்றார், எழுதினேன்.
வேறொன்றும் கேட்கவில்லை. கூட்டம்.

துணி காயப்போடக் கொடி கெட்டியிருக்கிறார்,
ஜன்னல் கிரில்லிலிருந்து தெங்கு வரை.
அதே கிரில்லை உரசித்தான் மோட்டார் வயர் போகிறது,
தோலுரிந்த இடத்தில் செல்லோடேப்.
மழை விட்டதும் அவர் மனைவி
ஒரு வாளி ஈரத்துணியோடு வந்திருக்கிறாள்.

பேப்பரில் நான்கு வரி.
கம்பி என்றிருந்தது, எத்தனை கேஜ் என்று இல்லை.
கார்பன் காப்பியை முதலாளிக்குக் காட்டினேன்.
நாம என்ன செய்ய, என்றார்,
கம்பி நல்ல கம்பியாக்கும்.

அன்று முதல் யார் வந்தாலும் எதுக்காக்கும் என்பேன்.
கோழிக்கூட்டுக்கு. பாவைக்காய்ப் பந்தலுக்கு.
உனக்கெதுக்கு, நீ பில்லைப் போடு பிள்ளே.
கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கவிட என்ற பையனிடம்
உள்ளே பல்பு உண்டா, வயர் எந்த வழியாகப் போகும் என்று
அவன் பஸ் போகும்வரை கேட்டேன்.
கொடிக்கு என்றால் நைலான் கயிற்றை எடுத்து வைப்பேன்.
அதில் லாபம் குறைவு.
முதலாளி கண்டும் காணாமல் இருக்கிறார்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் யோவேல் வந்தார்.
ஷேவ் செய்திருந்தார்.
கறுப்பு, பதினெட்டு, ஒண்ணரைக் கிலோ.
கேள்வி பல்லுக்குள் நின்றது.
அவரே சொன்னார்: கல்லறை சிலாப்புக்காக்கும்.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.
எலக்ட்ரானிக் தராசு கண்ணை மூடிக்கொண்டது.
எதிர் பேக்கரி வெளிச்சத்தில்
பழைய இரும்புத் தராசை இறக்கித் துடைத்து
எடைக்கல் தேடினேன்.
ஒரு கிலோ இருந்தது.
அரைக் கிலோவைக் காணவில்லை.
மேசைக்கடியில் அவரும் குனிந்து
ஆணிப் பெட்டிகளை ஒவ்வொன்றாய் நகர்த்தினார்.